குழந்தையைத் தத்தெடுக்க வெளிநாடு போகிறீர்களா? கோப்பு தயாராவதிலிருந்து வீடு திரும்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பதில் பயணம் வருவது கிட்டத்தட்டக் கடைசியில்தான். அதற்குள் வருடக்கணக்கில் காகிதங்களோடு மல்லுக்கட்டி முடித்திருப்பீர்கள். அதனாலேயே, கிளம்பலாம் என்ற தகவல் வந்ததும் பலர் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சில வாரங்களில், அந்த ஊரில் இருக்கும்போது மட்டுமே செய்ய முடிகிற காரியங்கள் இருக்கின்றன. குழந்தையை இதுவரை தூக்கி வளர்த்தவர்களிடம் கேட்க வேண்டியவை, எடுக்க வேண்டிய படங்கள், வாங்கி வைக்க வேண்டிய நகல்கள் எல்லாம் அந்த வகை. விட்டுவிட்டுத் திரும்பினால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காமல் போகலாம். ஆகவே அவற்றை விரிவாகவும், மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

1. முதலில், அந்த வழி திறந்திருக்கிறதா?

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான அடிப்படை விதிகள் 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. 1995இல் நடைமுறைக்கு வந்த இதில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் சாரம் எளிமையானது. குழந்தை முடிந்தவரை பெற்ற குடும்பத்திலேயே வளர வேண்டும். அது முடியாவிட்டால் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் தேட வேண்டும். அதுவும் அமையாதபோதுதான் வெளிநாட்டுக் குடும்பம். ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் இதைக் கவனிக்க ஒரு மத்திய அதிகார அமைப்பு இருக்கும். உங்கள் விண்ணப்பம் அங்கிருந்தோ, அது அங்கீகரித்த முகமையிலிருந்தோதான் தொடங்க வேண்டும்.

நேற்றுவரை திறந்திருந்த கதவு இன்று மூடியிருக்கலாம். குவாத்தமாலா 2007 இறுதியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. எத்தியோப்பியா 2018இல் வெளிநாட்டவர் தத்தெடுப்பதைத் தடை செய்தது. பல ஆண்டுகள் பெரும் எண்ணிக்கையில் குழந்தைகளை அனுப்பிய சீனா, உறவினர் தத்தெடுப்பு போன்ற சில விலக்குகள் தவிர, 2024இல் அதை முடித்துக்கொண்டது. குழந்தைகளைப் பெற்றுக்கொள்ளும் நாடுகளும் பின்வாங்குகின்றன. பழைய முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2021இல் வந்ததும் நெதர்லாந்து அரசு இதை இடைநிறுத்தியது. பிறகு 2024இல் படிப்படியாகக் கைவிடவே முடிவெடுத்தது. இஸ்லாமியச் சட்டம் பின்பற்றப்படும் பல நாடுகளில் தத்து என்ற முறையே கிடையாது. அங்கே இருப்பது கஃபாலா எனப்படும் பொறுப்பேற்பு. அதைத் தத்தாக ஏற்பதா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் முடிவு செய்யும். விண்ணப்பிக்கும் முன் இரு நாட்டு அரசுத் தளங்களையும் நீங்களே பாருங்கள். முகமை சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

“நேரில் வாருங்கள், குழந்தைகளைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அதிகாரபூர்வமாக முடிவாகி, நீங்கள் தகுதியானவர் என்பதும் உறுதியாகும்வரை, அதன் பெற்றோருடனோ காப்பாளருடனோ நீங்கள் தொடர்பு கொள்ளக்கூடாது என்கிறது உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு. இதற்குக் காரணம் இருக்கிறது. 2007இல் ஒரு பிரெஞ்சுத் தொண்டு அமைப்பு, சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த போரில் அநாதையானவர்கள் என்று சொல்லி சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்றத் தயாரானது. விசாரித்தபோது பெரும்பாலோர் சாட் நாட்டுக் குழந்தைகள், பெற்றோர் உயிரோடு இருப்பவர்கள் என்று தெரியவந்தது. போர், நிலநடுக்கம், வெள்ளம் என்ற செய்திகளைப் பார்த்து உடனே ஒரு குழந்தையைக் காப்பாற்றக் கிளம்பத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த நேரத்தில்தான் யார் அநாதை, யார் கூட்டத்தில் தொலைந்தவர் என்று யாருக்கும் தெரியாது.

2. கோப்பு

சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து எழுதும் ஆய்வறிக்கை, காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று ஆகியவை எல்லா நாடுகளும் கேட்பவை. பெரும்பாலானவற்றுக்கு நோட்டரி கையெழுத்தும், ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும். இரண்டு விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். எல்லா ஆவணங்களிலும் உங்கள் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு சான்றும் எப்போது காலாவதியாகிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள். நீதிமன்றத் தேதிக்கு முந்தைய வாரம் மருத்துவச் சான்று காலாவதியாகி, பயணமே தள்ளிப்போன கதைகள் இந்த வட்டாரத்தில் சாதாரணம்.

3. குழந்தையைப் பற்றிய அறிக்கை வரும்போது

ஒருநாள் ஒரு பெயரும் படமும் சில பக்க அறிக்கையும் வரும். படத்தைப் பார்த்த நொடியிலேயே மனது முடிவெடுத்துவிடும். அதனால் அறிக்கையை முதலில் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் கொடுங்கள். தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. பிறந்ததிலிருந்து எடுத்த எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவை தேதியோடு வேண்டும். ஒற்றை அளவை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாத உயர வளர்ச்சி பின்தங்கும் என்பது இத்துறை மருத்துவர்கள் கைக்கணக்காகச் சொல்வது. ஆகவே கொஞ்சம் சிறிதாக இருப்பது மட்டும் பயப்பட வேண்டிய விஷயமல்ல. தலைச் சுற்றளவு வளராமல் நின்றிருந்தால் விடாமல் கேளுங்கள். எழுந்து நிற்பது, கையில் பொருளை வாங்குவது, கூப்பிட்டால் திரும்புவது போன்றவை தெரியும் காணொளி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

குழந்தை தத்துக்கு எப்படி வந்தது என்ற பகுதியை வக்கீல் கண்ணோடு படியுங்கள். பெற்றவள் சம்மதம் எழுதிக் கொடுத்தாளா? எப்போது? பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கப்பட்ட சம்மதம் மட்டுமே செல்லும், அதற்காகப் பணம் கைமாறியிருக்கக் கூடாது என்பது உடன்படிக்கை. கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் எங்கே, யாரால், குடும்பத்தைத் தேட என்ன முயற்சி நடந்தது என்பது எழுதியிருக்க வேண்டும்.

முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அறிக்கை வந்த கட்டத்திலேயே சொல்வது, குழந்தையை நேரில் பார்த்துப் பழகிய பிறகு சொல்வதைவிடப் பல மடங்கு மேல்.

4. டிக்கெட் எடுக்கும் முன்

உங்கள் நாடு, குழந்தையின் நாடு இரண்டின் அதிகார அமைப்புகளும் தத்து தொடரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை உங்கள் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாக வாழ அனுமதி உண்டு என்று உங்கள் நாடு எழுத்தில் உறுதி சொல்லியிருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அங்கே போய்த் தத்து ஆணையை வாங்கிவிட்டு இந்த அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், சட்டப்படி உங்கள் பிள்ளையாகிவிட்ட ஒரு குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வர முடியாமல் அந்நிய ஊரில் சிக்கிக்கொள்ள நேரலாம்.

பயணம் எப்படி அமையும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல்கேரியாவில் இரண்டு முறை போக வேண்டும். முதல் பயணத்தில் சில நாள் குழந்தையோடு பழகிவிட்டுத் திரும்பி, நீதிமன்றம் முடித்த பிறகு மாதங்கள் கழித்து மறுபடி போய்க் கூட்டி வர வேண்டும். கொலம்பியாவில் ஒரே பயணம்தான். ஆனால் அது வாரக்கணக்கில் நீளும். எப்படியிருந்தாலும் திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டையே எடுங்கள். அலுவலக விடுப்பைக் கணக்கிடும்போது, ஊர் திரும்பிய பிறகுதான் விடுப்பு அதிகம் தேவைப்படும் என்பதை மறக்காதீர்கள்.

தங்க ஓட்டல் அறையைவிடச் சமையலறையுள்ள சிறிய வீடு நல்லது. குழந்தைக்குப் பழகிய உணவை அங்கேயே சமைத்துக் கொடுக்கலாம். நீங்களும் வீட்டில் உள்ள எல்லோரும் தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஹெபடைடிஸ் ஏ, தட்டம்மை இரண்டையும். ஹெபடைடிஸ் ஏ சிறு குழந்தைகளிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருக்கும். டயப்பர் மாற்றும் பெரியவர்களைத்தான் படுக்கையில் தள்ளும். இருவரில் ஒருவர்தான் போக முடியும் என்றால், அந்த நாடு அதை ஏற்குமா, என்ன மாதிரி அதிகாரப் பத்திரம் கேட்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். தாத்தா, பாட்டி, சித்தி என்று பட்டாளமாகக் கிளம்புவது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் ஆசை நியாயமானதுதான். ஆனால் குழந்தைக்கு அந்த வாரம் இரண்டு புது முகங்களே அதிகம்.

பணத்தில் ஒரே விதி: ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். நியாயமான செலவும் தொழில்முறைக் கட்டணமும் தவிர யாரும் இதில் ஆதாயம் பார்க்கக் கூடாது என்று உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு சொல்கிறது. போன இடத்தில் யாராவது வேலை சீக்கிரம் முடிய உறையில் ஏதாவது வையுங்கள் என்றால், மறுத்துவிட்டு உங்கள் முகமைக்கும் அதிகார அமைப்புக்கும் உடனே எழுதுங்கள். அப்படிக் கொடுக்கும் பணம்தான் அடுத்த குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கிறது.

5. முதல் சந்திப்பு

இந்தக் காட்சியை நீங்கள் மனதுக்குள் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். குழந்தை ஓடி வரும், நீங்கள் அள்ளிக்கொள்வீர்கள். அப்படி நடப்பது அபூர்வம். உங்களுக்கு அது வரவு. குழந்தைக்கு அது பறிகொடுக்கும் நாள். தெரிந்த மணம், தெரிந்த மொழி, பக்கத்துக் கட்டில் தோழன், தினமும் குளிப்பாட்டிய கை எல்லாம் ஒரே மதியத்தில் போகின்றன.

அதனால் தரையில் உட்காருங்கள். கையை நீட்டாதீர்கள். சத்தமில்லாத ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்காததுபோல் நீங்களே விளையாடத் தொடங்குங்கள். அது நெருங்கி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். புது நறுமணத் தைலம், பளபளப்பான நகை, காமிரா மூன்றையும் தவிருங்கள். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் உடன் வந்த பணியாளரிடம் கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்.

அழுதால் மனம் உடைந்துபோகாதீர்கள். வளர்த்தவரை விட்டுப் பிரிய அழும் குழந்தை, யாரிடமோ ஒட்டிப் பழகத் தெரிந்த குழந்தை. அந்தப் பற்று ஒருமுறை உண்டாகியிருந்தால் மறுமுறையும் உண்டாகும். சொல்லப்போனால், பார்த்த நிமிடமே மடியில் ஏறி யாரைக் கண்டாலும் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பற்றித்தான் மருத்துவரிடம் பேச வேண்டும். ஆள் மாறி மாறி வளர்த்த இடங்களில் அந்தப் பழக்கம் வரும்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், சில சொற்களாவது அதன் மொழியில் கற்றுக்கொண்டு போங்கள். பசிக்கிறதா, வலிக்கிறதா, கழிப்பறை, தூங்கலாம், நான் இங்கேதான் இருக்கிறேன். இவை போதும். பெயரை அந்த நாளிலேயே மாற்றாதீர்கள். அதற்கென்று இருப்பது அந்த ஒன்றுதான்.

நேரில் பார்க்கும் குழந்தை அறிக்கையில் இருந்ததிலிருந்து மிகவும் வேறுபட்டால், அங்கேயே நிறுத்தி உங்கள் மருத்துவரை அழைக்க வேண்டும். குற்ற உணர்வாலோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதாலோ கையெழுத்துப் போடாதீர்கள். வந்த இடத்தின் பயத்தில் குழந்தை இரண்டு மூன்று நாள் ஊமையாக இருப்பதும் உண்டு என்பதையும் மருத்துவர் நினைவுபடுத்துவார்.

6. வளர்த்தவர்களிடம் கேட்க வேண்டியவை

அலுவலகத்தில் இயக்குநரோடு தேநீர் குடித்து முடிந்துவிடக் கூடாது. இரவுப் பணியில் இருக்கும் ஆயாவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குழந்தையைப் பற்றித் தெரிந்தவர் அவர்தான். மொழிபெயர்ப்பாளரை வைத்து, குறிப்பேட்டோடு உட்காருங்கள்.

- எதைச் சாப்பிடுகிறது, எவ்வளவு சூட்டில், புட்டியிலா கரண்டியிலா, பால் மாவின் பெயர் என்ன?
- எப்படித் தூங்க வைப்பீர்கள்? தட்டியா, பாட்டுப் பாடியா, தனியே விட்டா? விளக்கு எரியுமா?
- என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? செல்லப் பெயர் உண்டா?
- எதற்குப் பயப்படும்? அழுதால் எது அடக்கும்?
- குளிக்கத் தண்ணீரை ஆள் ஊற்றுவார்களா, தொட்டியில் உட்கார வைப்பார்களா? தலையில் தண்ணீர் பட்டால் சரியா?
- யாரோடு நெருக்கம்? கூடப் பிறந்தவர்கள் யாராவது இதே இடத்திலோ வேறு இடத்திலோ இருக்கிறார்களா?
- வந்த நாளில் என்ன உடுத்தியிருந்தது, கூட ஏதாவது பொருள், சீட்டு இருந்ததா?

தூங்க வைக்கும் பாட்டை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டிலின் போர்வையையோ துணியையோ துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். பதிலுக்குப் புதியது கொடுத்துவிடலாம். கட்டிடம், தூங்கிய அறை, முற்றம், அனுமதித்தால் ஆயாவின் முகம் எல்லாவற்றையும் படமெடுங்கள். குழந்தை கண்டெடுக்கப்பட்ட இடம் பக்கத்தில் என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள், தெருப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இது உணர்ச்சிக்காகச் சொல்வது மட்டுமல்ல. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025இல், வெளிநாடு அனுப்பப்பட்ட குழந்தைகளின் ஆவணங்கள் திரிக்கப்பட்டதையும், குடும்பம் உள்ளவர்கள் அநாதைகளாகப் பதியப்பட்டதையும் உறுதி செய்தது. வேரைத் தேடித் திரும்பிப் போனவர்களில் பலருக்குக் கிடைத்தது தப்பான ஒரு காகிதம். கோப்பில் இல்லாத ஒரு தகவல் ஆயாவின் நினைவில் இருக்கலாம். குழந்தையின் பூர்வீகத் தகவல்களைப் பாதுகாக்கும் கடமையை ஹேக் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் அலமாரியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

7. அங்கே தங்கும் நாட்கள்

உணவு, குளியல், டயப்பர், தாலாட்டு எல்லாம் உங்கள் கையால் மட்டும் நடக்கட்டும். ஊர் சுற்றிப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே பூங்கா, ஒரே வழி, ஒரே நேரத்துச் சாப்பாடு. சில குழந்தைகள் வாய் நிறைய அடைத்துக்கொள்ளும், ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளிக்கும். பிடுங்காதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது தின்ன வையுங்கள். பசி வராது என்று உடம்பு நம்பியதும் பழக்கம் தானாகத் தளரும். தூங்கும் முன் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது, கட்டிலில் முன்னும் பின்னும் அசைவது தன்னைத் தானே தாலாட்டிக்கொள்வது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தால் போதும்.

பெரும்பாலும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு மற்றவரை ஒதுக்கும். ஒதுக்கப்பட்டவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பதை யாரும் முன்பே சொல்வதில்லை. அவர் போட்டி போட வேண்டாம். சாப்பாட்டைக் கொண்டு வந்து வைப்பவராக, குமிழி ஊதுபவராகப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஊர் திரும்பிய சில வாரங்களில் மாறுவதே வழக்கம். எந்த உணர்வும் வராமல், ஏதோ ஊரார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல் இருக்கிறதே என்று உங்களுக்கே தோன்றினாலும் பயப்படாதீர்கள். பராமரிப்பைத் தொடருங்கள், பாசம் பின்னால் வரும். வாரங்கள் போயும் இருட்டாகவே இருந்தால் தத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

8. ஆணை, சான்று, விசா

சில நாடுகளில் நீதிபதி, சிலவற்றில் நிர்வாக அதிகாரி. ஏன் இந்தக் குழந்தை என்று கேட்பார்கள். நீளமாகப் பேச வேண்டாம், மனதில் உள்ளதைச் சொன்னால் போதும். ஆணை வந்த பிறகு மேல்முறையீட்டுக் காலம் என்று சில நாள் ஓடலாம்.

ஹேக் நாடுகள் என்றால் 23ஆம் பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் தருவார்கள். தத்து உடன்படிக்கைப்படி நடந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி, மற்ற உறுப்பு நாடுகள் அதை அப்படியே ஏற்க வேண்டும். வாங்கிய இடத்திலேயே நின்று பெயர், பிறந்த தேதி, எண் எல்லாவற்றையும் சரிபாருங்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரு எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு. மூலப் பிறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகலையும் வாங்குங்கள். புதுச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறிய பிறகு பழையது கிடைக்காமல் போகலாம். பிறகு குழந்தையின் கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, விசா. காசநோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து அமெரிக்கா போகும் குழந்தைக்கு 2 வயது நிரம்பியிருந்தால் அந்தப் பரிசோதனையும் சேரும். முடிவு சந்தேகமாக வந்தால் தங்கும் நாள் நீளும், அதற்கும் கையில் பணம் வையுங்கள்.

9. விமானத்தில்

மூல ஆவணங்கள் கைப்பையில், நகல் பெட்டியில், இன்னொரு பிரதி மின்னஞ்சலில். தூதரகம் முத்திரையிட்ட உறை கொடுத்தால் பிரிக்காதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்க ஏதாவது கொடுங்கள், காதடைப்பு குறையும். துவைக்காத அந்தத் துணி இப்போது கையில் இருக்கட்டும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

விமான நிலையத்தில் மாலை, பலூன், நாற்பது பேர் எதுவும் வேண்டாம். முதல் வாரங்களில் உங்களைத் தவிர யாரும் தூக்கவோ ஊட்டவோ வேண்டாம் என்று உறவினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பிறகு புரிந்துகொள்வார்கள்.

இரண்டு வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, சிபிலிஸ், காசநோய், ரத்தசோகை, ரத்தத்தில் ஈயம், தைராய்டு, மலத்தில் ஒட்டுண்ணி, கண், காது இவ்வளவும் பார்ப்பது வழக்கம். அங்கே போட்ட தடுப்பூசிகளில் சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கலாம், அல்லது மறுபடி போட்டுவிடலாம்.

குடியுரிமை தானாக வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளுக்குத் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அன்று 18 வயதைத் தாண்டியிருந்தவர்கள் அதில் சேரவில்லை. பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டதால் நடுவயதிலும் எந்த நாட்டுக் குடிமகன் என்று நிரூபிக்க முடியாமல் நிற்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். குடியுரிமைச் சான்றிதழ் கையில் வரும்வரை அந்தக் கோப்பை மூடாதீர்கள்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று பிறந்த நாட்டுக்குச் சில ஆண்டுகள் அறிக்கை அனுப்பச் சொல்வார்கள். தேதி தவறாமல், படத்தோடு அனுப்புங்கள். அங்கே அந்தக் கோப்பில் சேரும் ஒவ்வொரு பக்கத்தையும் பிற்பாடு பிள்ளையே போய்க் கேட்கலாம். முடிந்தால் அதன் ஒரு நகலை ஆயாவுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து ஹெபடைடிஸ், எச்ஐவி, காசநோய்ப் பரிசோதனைகளை மறுபடி செய்ய வேண்டும். முதல் பரிசோதனையில் காட்டாத தொற்று இப்போது தெரியலாம். முதல் முறை மருத்துவரைப் பார்க்கும் அன்றே அதற்கும் தேதி வாங்கிவிடுங்கள்.